நூற்றிப் பத்துக்குக் கீழே

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பாதிப் பேர் என் கையால் இன்னும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருடம் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தேன். இருபது கட்டில், ஒரு சமையலறை, ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கப்பல்களின் புகை. வந்தவர்கள் யாரும் குணமாகி வீட்டுக்குப் போக வந்தவர்கள் இல்லை. இருந்து வாழ வந்தவர்கள். அதனால் ஒரு குடும்பத்தில் உள்ள எல்லாச் சண்டையும் அங்கேயும் இருந்தது.

அந்த வருடம்தான் இரத்த அழுத்தத்துக்குக் கல்கத்தாவிலிருந்து ஒரு மாத்திரை வரத் தொடங்கியிருந்தது. டாக்டர் ஸ்ரீஸ்கந்தராசா செவ்வாயும் வெள்ளியும் வந்து பார்ப்பார். மாத்திரையைக் கையில் எடுப்பதற்கு முன் பிரஷர் பார்க்க வேண்டும், மேல் எண் நூற்றிப் பத்துக்குக் கீழே இருந்தால் மாத்திரை கிடையாது, எழுதி வைத்துவிட்டுத் தனக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டிருந்தார். அழுத்தம் இறங்கிக் கிடப்பவனுக்கு இறக்குகிற மருந்தைக் கொடுத்தால் எழுந்து நிற்கும்போது விழுவான், விழுந்தால் இடுப்பெலும்பு போகும். இது எனக்கு நன்றாகப் புரிந்தது. மரப்பெட்டி, அதற்குள் பாதரசக் குழாய், கையில் சுற்றுகிற பட்டி, அழுத்துகிற ரப்பர் பந்து. காலையிலும் மாலையிலும் அந்தப் பிரஷர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவேன். என் காதில் விழுகிற துடிப்பை உலகத்தில் வேறு எவரும் கேட்க முடியாது என்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஏழாம் கட்டிலில் ஸவாஹிர் ஹாஜியார். மாணிக்கக் கல் வியாபாரம் செய்தவர், மனைவி இல்லை, வாதம் வந்து இடது காலை இழுத்து நடக்கிற நிலை. மகள் லுத்பியாவின் வீடு வெள்ளவத்தையில் மாடியில் இருந்தது. அந்தப் படி இவரால் ஏற முடியாது என்பதால் இங்கே வந்தார். எட்டாம் கட்டிலில் தில்லைநாதன், கரையோர ரயில் பாதையில் முப்பது வருடம் ஸ்டேஷன் மாஸ்டர். இருவருக்கும் அழுத்தம் அதிகம், இருவருக்கும் காலையும் மாலையும் அதே மாத்திரை. தில்லைநாதனுக்கு அதோடு உப்பில்லாத சாப்பாடு. அந்த மனிதரைக் கேட்டால் வெள்ளைக்காரன் ஜெயிலில் கூட உப்புப் போடுவான் என்பார்.

ஜூலை கடைசியில் எண்கள் விளையாடத் தொடங்கின. ஹாஜியாருக்கு நூற்றி ஐம்பதில் நின்றது நூற்றி இருபது, நூற்றிப் பதினைந்து என்று இறங்கியது. ஒரு மாலை நூற்றி இரண்டு. தில்லைநாதனுக்கு நூற்றி அறுபதில் நின்றது நூற்றி எழுபத்தைந்து, நூற்றித் தொண்ணூறு என்று ஏறியது. ஒரே மாத்திரை, ஒரே தண்ணீர், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். செவ்வாய்க்கிழமை டாக்டர் இரண்டு அட்டைகளையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். காது ஏதும் அடைத்திருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியை அவர் தலையிலேயே வைத்திருப்பேன். அன்று மத்தியானம் இல்லத்தில் இருந்த அத்தனை பேரின் கையிலும் பட்டியைச் சுற்றினேன். சமையற்காரி பத்மாவதி, தட்டு எடுக்கிற ராக்கம்மா, தபால்காரன் வரை விடவில்லை. பெட்டியும் சரி, என் காதும் சரி.

அப்படியென்றால் இந்த இரண்டு கிழவர்களிடம்தான் ஏதோ இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று ராக்கம்மாவிடம் விசாரித்தேன். அவள் ஜிந்துப்பிட்டிக்காரி, யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டாள், பொய்யும் சொல்ல மாட்டாள். ஹாஜியாரின் பச்சை விளிம்புத் தட்டைக் கழுவவே வேண்டியதில்லை, அவ்வளவு சுத்தமாக வரும் என்றாள். தில்லைநாதன் ஐயாவின் தட்டும் காலிதான், ஆனால் அவர் முதல் கவளத்தைக் காகத்துக்கு வைப்பவர், இப்போது கொஞ்சம் கூடுதலாகவே வைக்கிறார் என்றாள். ஜன்னலுக்கு வெளியே இருந்த காகங்கள் உண்மையிலேயே கொழுத்துப் போயிருந்தன. சைவக்காரரின் வழக்கம், நான் ஏன் குறுக்கே விழ வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வந்தது வெள்ளிக்கிழமை. எங்கள் இல்லத்தைத் தொடங்கியவர்கள் கத்தோலிக்க வேதக்காரர்கள், வெள்ளியில் இறைச்சி அடுப்பில் ஏறாது. அதனால் மத்தியானம் எல்லாருக்கும் கருவாடு. ராக்கம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டு போகும்போது பச்சை விளிம்புத் தட்டு என் கண்ணில் பட்டது. சோறு இல்லை, பருப்பு இல்லை, தேங்காய்ச் சம்பலின் சிவப்புக்கூட வழித்து எடுக்கப்பட்டிருந்தது. கருவாடு மட்டும் ஓரத்தில், கொண்டு வந்தபடியே. போன வெள்ளியும் இப்படித்தான் என்றாள் ராக்கம்மா, மற்ற நாள் என்றால் முள்ளுக்கூட மிஞ்சாதாம்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். வேதக்காரி நான் வெள்ளியில் கருவாடு தின்கிறேன். ஹாஜியார் எந்தக் கிழமையிலும் தின்பார். வெள்ளிக்கிழமை பார்த்து மீன் மச்சத்தை ஒதுக்குகிற ஆள் அந்த வார்டில் ஒருவர்தான், அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு எட்டாம் கட்டிலில் இருக்கிறார்.

அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்று இறங்கவும் மற்றது ஏறவும் தொடங்கியது ஒரே நாள். அது என்ன நாள் என்று கொட்டாஞ்சேனையில் பிறந்த எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்றுதான் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாச் சமயமும் கலந்து வாளியோடு ஓடியதை நானே பார்த்திருந்தேன்.

நேரே போய் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றேன். தட்டை யார் தின்றது என்று ஒரே கேள்விதான் கேட்டேன். ஹாஜியார் கையிலிருந்த தஸ்பீஹ் மணிமாலையைப் பார்த்தார். தில்லைநாதன் ரயில் தாமதத்துக்குப் பதில் சொல்கிற குரலில் பேசினார்.

"அவர் தந்தவர், நான் சாப்பிட்டனான். உப்புப் போட்ட சாப்பாடு பிள்ளை. கண்ணால கண்டு ஆறு மாசம்."

ஒருவருக்கு நோன்பு வேண்டும், தட்டு காலியாகப் போக வேண்டும். மற்றவருக்கு உப்பு வேண்டும், தன்னுடைய சப்பென்ற சோறு மறைய வேண்டும். இருவரும் பேசி ஒப்பந்தம் செய்து, மிச்சத்தைக் காகத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள். காலையில் நான் கொடுத்த மாத்திரை என்ன ஆயிற்று என்று கேட்டேன். எறியவில்லை, அது பாவம் என்றார் ஹாஜியார். கன்னத்துக்குள் ஒதுக்கி, நான் போன பிறகு எடுத்துக் காகிதத்தில் சுற்றி வைத்து, நோன்பு திறந்தவுடன் போட்டுக்கொண்டாராம். மாலையில் நான் கொடுத்ததையும் சேர்த்து, இரண்டும் ஒன்றாக.

பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாத உடம்பு, அதன் மேல் ஒரே விழுங்கில் இரண்டு மாத்திரை. இந்த மனிதர் தொழுகைக்கு எழுந்தபோது விழாமல் இருந்தது என் கெட்டித்தனத்தால் அல்ல. கத்தினேன். நன்றாகவே கத்தினேன், கீழே தெருவில் மீன் விற்றவன் நிமிர்ந்து பார்த்தான். நோன்பு வேண்டாம் என்று டாக்டரும் மகளும் அவ்வளவு சொல்லியிருக்கிறார்களே என்றேன். டாக்டர் சொன்னபோது இவர் இன்ஷா அல்லாஹ், இறைவன் நாடினால் என்றார், டாக்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது ஹாஜியார் பேசினார்.

"மகள், ரெண்டு வருஷ நோன்பு நோயில போச்சு. அதுக்குப் பதிலா ஏழைக்குச் சாப்பாடு குடுத்தேன், மார்க்கச் சட்டப்படி சரிதான். ஆனா நோன்பு புடிக்காமப் பெருநாள் கொண்டாடக்குள்ள ஆரோட வீட்டுக் கலியாணத்துலயோ போய்ச் சாப்பிட்ட மாதிரி ஈந்திச்சு. அடுத்த நோன்புக்கு நான் ஈப்பேனோ தெரியா. இந்த ஒண்ட முழுசா முடிச்சிட்டாப் போதும்."

அவ்வளவுதான் சொன்னார். கண் கலங்கவில்லை, கெஞ்சவில்லை. எனக்குத்தான் என்னவோ செய்தது. கோபக்காரர்களிடம் ஒரு பலவீனம் உண்டு, கத்தி முடித்ததும் உள்ளே வெறும் பாத்திரமாகிவிடும்.

மாலையில் டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கருவாட்டுக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு நோன்பு இன்றோடு சரி என்றார். நான் வாதாடினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். மறைத்துப் பிடித்த நோன்புதான் ஆபத்து, பார்த்துக்கொண்டு பிடித்தால் என்ன, நான் ஒரு நாளைக்கு மூன்று தடவை பிரஷர் பார்க்கிறேன், என் காது அடைக்கவில்லை என்று உங்களுக்கு இப்போது தெரியும்தானே என்றேன். கடைசி வாக்கியம் நன்றாக வேலை செய்தது.

அவர் கணக்காக ஒரு ஏற்பாடு சொன்னார். மாத்திரை ஒன்றே ஒன்று, நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு, அதற்கு முன் பிரஷர் பார்த்து. விடியற்காலைச் சாப்பாடு இதுவரை போல அலுமாரிக்குள் ஒளித்த பாண் ரொட்டியும் பழமும் அல்ல, பத்மாவதி வைக்கிற சோறு. காலை பத்து, மத்தியானம் இரண்டு, மாலை ஐந்தே முக்கால், மூன்று வேளையும் நான் பார்க்க வேண்டும். நூற்றிப் பத்துக்குக் கீழே ஒரு புள்ளி போனாலும் அந்த நிமிடமே தண்ணீர் குடிக்க வேண்டும்.

"இன்ஷா அல்லாஹ் எண்டு சொல்லி என்னைத் திரும்பவும் ஏய்க்கேலாது, ஹாஜியார். ஓம் எண்டு சொல்லுங்கோ."

ஹாஜியார் சிரித்துக்கொண்டே ஓம் என்றார். தில்லைநாதனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவருடைய உப்பு அன்றைக்கே நின்றது. உப்புக்குப் பதிலாகச் சோற்றில் பிழியத் தேசிக்காய் மட்டும் இரண்டு துண்டு கூடுதலாகத் தரலாம் என்றார் டாக்டர். துக்க வீட்டுக்கு வந்தவர் போலத் தில்லைநாதன் அந்தத் தேசிக்காயைப் பார்த்தார்.

அதன் பிறகு வந்த நாட்களைப் போல நான் அந்த இல்லத்தில் வேறு எந்த நாளையும் கண்டதில்லை. நூற்றிப் பதினெட்டு, நூற்றி இருபத்திரண்டு, நூற்றிப் பதினான்கு. நான் பெட்டியை மூடுவதற்குள் எண் வார்டு முழுக்கப் போய்விடும். பெண்கள் பக்கத்தில் இருந்து சிவக்கொழுந்து அக்கா இன்றைக்கு எவ்வளவு என்று ஆளனுப்பிக் கேட்பார். அரிசிக்குக் கூப்பன் இருந்த காலம், ஆனாலும் பத்மாவதி முணுமுணுத்துக்கொண்டே விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினாள். மாலையில் பள்ளிவாசலில் இருந்து ஒரு வாளிக் கஞ்சி எங்கள் எல்லாருக்குமே வரும். தில்லைநாதனுக்கு இரண்டு கரண்டிக்கு மேல் இல்லை என்று நானே நின்று ஊற்றுவேன், அந்த இரண்டு கரண்டியை அவர் கால் மணி நேரம் குடிப்பார். அவருடைய எண்ணும் இறங்கி நூற்றி அறுபதுக்கு வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சந்தோஷத்தில் எல்லாரையும் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே திட்டினேன்.

இருபத்தொன்பதாம் நோன்பு புதன்கிழமை வந்தது. அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். கொழும்பு முழுக்க நாளைக்கே பெருநாள் என்ற தீர்மானத்தில் இருந்தது. நான்கூட மறுநாள் லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். மழை இல்லாத புழுக்கம், காற்றே இல்லை. ஹாஜியார் முந்தின இரவு தூங்கவில்லை, விடியற்காலையில் இரண்டு வாய்க்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. காலையில் நூற்றிப் பதினாறு. இரண்டு மணிக்கு நூற்றிப் பன்னிரண்டு. நான் விசிறியை எடுத்து ராக்கம்மாவிடம் கொடுத்தேன்.

ஐந்தே முக்காலுக்குப் பட்டியைச் சுற்றினேன். பாதரசம் இறங்கியது. முதல் துடிப்பு நூற்றி ஆறில் கேட்டது. காற்றை முழுக்க விட்டு, சற்றுப் பொறுத்து, மற்றக் கையில் பார்த்தேன். நூற்றி நான்கு.

சூரியன் மறைய இன்னும் முப்பத்தைந்து நிமிடம். அந்தத் துடிப்பு என் காதுக்குள் மட்டும்தான் இருந்தது. நான் நூற்றிப் பத்து என்று வாயைத் திறந்து சொன்னால் எந்த மனிதனுக்கும் தெரியப்போவதில்லை. இருபத்தெட்டு நாள் முடித்தவர், கடைசி நாள், முப்பத்தைந்து நிமிடம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நர்ஸ் வேலையில் எத்தனையோ சாவைப் பார்த்தவள் நான், ஆனால் அந்த ஆறு புள்ளிக்காகப் பட்ட பாடு வேறெதற்கும் பட்டதில்லை.

அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பெட்டியை அல்ல.

"உள்ளதச் செல்லுங்க, மகள்."

"நூற்றி நான்கு, ஹாஜியார்."

அவர் தலையை ஆட்டினார். தண்ணீர் கேட்டார். கிளாஸை நான்தான் கொடுத்தேன், பிஸ்மி சொல்லி முழுவதையும் குடித்தார். இதைப் பிறகு ஒரு நாள் பிடித்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். தில்லைநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். முழுசா முடித்தால் போதும் என்றவரின் மாதம் முடிவிலேயே உடைந்துவிட்டது, உடைத்தது என் வாய்.

பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு சொன்ன பிறகு தெரு மேற்கே பார்த்து நின்றது. மொட்டை மாடிகளில் ஆட்கள், மதில் மேல் ராக்கம்மா. கடலுக்கு மேலே ஒரே மேகம். லுத்பியா காரில் வந்து இறங்கினாள், கையில் புதுச் சாரனும் வட்டிலப்ப இனிப்பு நிறைந்த பாத்திரமும். வீட்டில் கோழிகூட உரித்தாயிற்று, வாப்பாவுக்குப் படியேற நாற்காலியும் இரண்டு ஆளும் ஏற்பாடு என்றாள். பகல் நடந்ததைக் கேட்டதும் அவள் முகமும் சுருங்கியது. பரவாயில்லை, எல்லாம் முடிந்துவிட்டது, விடிந்தால் பெருநாள் என்று தகப்பனின் தலையைத் தடவினாள்.

எட்டு மணிக்குள் செய்தி வந்தது. பள்ளிவாசலில் இருந்து வந்தவர் வாசலில் நின்றே சொன்னார், எந்த ஊரிலும் பிறை தென்படவில்லை, நோன்பு முப்பதும் பிடித்தாக வேண்டும். தெரு முழுக்க ஒரு பெருமூச்சு போனது. லுத்பியா கோழியை நினைத்து நெற்றியில் கைவைத்தாள். தையற்கடைக்காரன் யாரோடோ சண்டை பிடித்தான். அந்தக் கொழும்பு நகரத்தில் அந்த நேரம் சிரித்த ஒரே முஸ்லிம் ஏழாம் கட்டிலில் இருந்தார். பல் இல்லாத வாயைத் திறந்து, தோள் குலுங்க, சத்தமாகவே சிரித்தார். "இன்னொரு நாள் ஈக்கிது, மகள்," என்றார்.

அன்று அவருக்கு மாத்திரை இல்லை. அந்த வட்டிலப்பத்தில் பாதியை அவரே தின்றார், நன்றாகத் தூங்கினார், விடியற்காலையில் சோறு வயிறு நிறைய. மறுநாள் லீவு வேண்டாம் என்று நான் வேலைக்கு வந்தேன். பத்து மணிக்கு நூற்றி இருபத்தாறு. இரண்டு மணிக்கு நூற்றி இருபது. மாலை ஐந்தே முக்காலுக்குப் பட்டியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை அவிழ்த்துச் சுற்றினேன்.

நூற்றிப் பதினாறு. இரண்டு கையிலும் பார்த்தேன். யாரும் கேட்பதற்கு முன் நானே வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

பிறகு காத்திருந்தோம். தில்லைநாதன் எழுந்து உட்கார்ந்து, தன் பழைய பொக்கெற் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரப்போகிற வண்டிக்குச் சொல்வது போல நிமிடம் நிமிடமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவரும் காலையில் இருந்து ஒன்றும் தின்னவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது, அதற்கு அடுத்த நாள் திட்டினேன். லுத்பியா ஈச்சம்பழத் தட்டோடு நின்றாள். நான் கிளாஸை நிரப்பிக் கொடுத்தேன். பாங்கு தொடங்கியது.

ஹாஜியார் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நேத்து நீங்க செல்லிக் குடிச்சேன், மகள். இண்டக்கி மேல ஈக்கிறவன் செல்லிக் குடிக்கிறேன்."

குடித்தார். எனக்குக் கண்ணீர் நின்ற பாடில்லை, இந்த முறை குளியலறைக்கும் போகவில்லை. அவர் கஞ்சி குடித்து முடிக்கும் வரை இருந்து, பிரஷர் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்தேன்.